கார்த்திகையில் பார்க்க வேண்டிய ஊர்

பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவைப் பார்க்கப் போயிருந்தோம். வேனில் கூட்டிப்போனார்கள். பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்தார்கள். மனைக்கற்களுக்குப் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தது. "தாம்பரம் இருபதே நிமிஷம் சார்" என்று விற்பனைக்கு வந்த பையன் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மகள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் வெளுத்துப்போன நத்தை ஓடுகள். ஒரு கைப்பிடி சேர்த்துவிட்டாள். கூட வந்திருந்த என் அத்தை மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஓடு ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். "இது உள்வாயாச்சேடா. மோரைக் குடிச்சிட்டு வண்டியில ஏறு" என்றார்.

உள்வாய் என்பது ஏரியில் தண்ணீர் தேங்கி நிற்கும் பரப்பு. அந்த நிலம் அரசுக் கணக்கில் ஏரியா, ஏரியை ஒட்டிய பட்டா நிலமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பையன் காட்டிய காகிதங்களில் குறை எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் நத்தைக்குப் பட்டா விவரம் தெரியாது. தண்ணீர் எத்தனை மாதம் நின்றது என்பது மட்டும்தான் தெரியும்.

சென்னையில் வாடகை கட்டி மாளாமல் புறநகருக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் ஊர் பார்க்கக் கிளம்புவது பெரும்பாலும் தை பிறந்த பிறகு. பங்குனி, சித்திரையில் வேகம் பிடிக்கும். பிள்ளைகளுக்குத் தேர்வு முடிகிறது, ஜூனில் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அதற்குள் வீடு அமைய வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் இந்தப் பகுதிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. வாங்குபவர் பார்ப்பது காய்ந்த ஊரை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், போக்குவரத்து இல்லாத சாலை வழியாக. குடியிருக்கப் போவதோ கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமையில். இரண்டும் ஒரே பெயர் கொண்ட வேறு வேறு ஊர்கள் என்றே சொல்லலாம்.

வீட்டில் சமையலறை சிறிதென்றால் இடித்துக் கட்டலாம். தெருவில் விளக்கு இல்லையென்றால் மனு கொடுக்கலாம்; என்றாவது வரும். பள்ளி சரியில்லையென்றால் மாற்றலாம். நிலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் மாற்ற முடியாது. ஊர் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் முடிவு. கடைசியாகப் பார்க்கப்படுவதும் இதுதான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் முழுகி, மாடியில் நின்றவர்களைப் படகில் மீட்டார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும் எவரும் செம்பரம்பாக்கம் என்ற பெயரில் வந்து முடிப்பார்கள். ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதும், அதை மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்று மத்தியத் தணிக்கைத் துறை பின்னர் குறை சொன்னதும் உண்மை. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்த தண்ணீர் வேறு. முடிச்சூரில் புகுந்தது ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் என்று மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழிந்து, அடையாற்றின் தலைப்பகுதியில் இறங்கிய தண்ணீர். அங்கே எந்த அதிகாரியும் எந்த மதகையும் திறக்கவில்லை. மழை பெய்தது, ஏரி வழிந்தது, தண்ணீர் தன் பழைய வழியில் போனது. அந்த வழியில் நகர்கள் இருந்தன.

இந்த வேறுபாடு வீடு பார்ப்பவருக்கு முக்கியம். மதகுதான் காரணம் என்று நம்பினால் அடுத்த முறை ஒழுங்காகத் திறப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அங்கேயே வாங்கலாம். சாய்வுதான் காரணம் என்று தெரிந்தால் கை தயங்கும். 2015-க்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் போட்டார்கள்; பலன் இல்லாமலில்லை. ஆனாலும் 2021 நவம்பரில் வரதராஜபுரத்துத் தெருக்களில் மறுபடி தண்ணீர் நின்றது. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், பக்கத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரே ஆற்றைப் பற்றிப் புகார் கொடுக்க இரண்டு கலெக்டர் அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும்.

கிழக்குத் தாம்பரம் பக்கம் கதை இதேதான், தண்ணீர் போகும் திசை மட்டும் வேறு. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்த ஏரிகள். எல்லாம் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பில் மிஞ்சியதில் ஏறத்தாழ 1,250 ஹெக்டேருக்கு 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அதன் பழைய பரப்பு இதைப்போலப் பல மடங்கு. மீதி எங்கே போயிற்று என்பதை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் படகில் போனவர்கள் பார்த்தார்கள்.

பெயரைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாலே சில ஊர்கள் சொல்லிவிடும். பழவந்தாங்கலில் உள்ள தாங்கல் என்பது சிறிய ஏரிக்குப் பெயர். மடுவு, ஏந்தல் எல்லாம் தண்ணீர்ச் சொற்கள். ஆனால் இதை ரொம்ப நம்பவும் கூடாது. பழைய பெயரை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு 'நகர்', ஒரு 'கார்டன்', ஒரு 'அவென்யூ' வைத்துவிட்டால் தண்ணீரின் தடம் அழிந்துவிடுகிறது. அப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் ஆகியவற்றை வக்கீல் பார்ப்பார். அவர் பார்ப்பது நிலம் யாருடையது என்பதை. நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நஞ்சை என்று போட்டிருந்தால் அதில் வீடு கட்டக் கூடாது என்பதில்லை. முறையாக அனுமதி வாங்கினால் கட்டலாம். ஆனால் நஞ்சை என்றால் மதகைத் திறந்ததும் தண்ணீர் தானாக ஓடிவந்து சேரும் பள்ளம் என்று பொருள். நெல்லுக்கு வந்த வழி வீட்டுக்கும் வரும்.

பத்திரப்பதிவுக்கு அங்கீகாரம் கட்டாயம் என்ற நிலை வந்ததே அண்மையில்தான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையமும் வந்தது. 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலமோ எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடமோ என்றால் ரெராவில் பதிய வேண்டியதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புறநகரில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், நாலு ஃபிளாட் கட்டி விற்கிறவர்கள் எல்லாரும் இந்த விலக்குக்குள் வருகிறார்கள். எதுவானாலும் அங்கீகாரம் சாலையின் அகலத்துக்குச் சாட்சி சொல்லுமே தவிர மனையின் உயரத்துக்குச் சொல்லாது.

உயரத்துக்குச் சாட்சி தெருவில் இருக்கிறது. நான் வீடு தேடிய அந்த ஓராண்டில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இஸ்திரி வண்டிக்காரர். முப்பது வருடமாக ஒரே முனையில் வேப்பமரத்தடியில் நிற்பவர். தெருவின் ஒரு கோடியில் இருந்த பழைய வீடுகளைக் கரித்துணியால் சுட்டிக் காட்டினார். வாசலில் மூன்று படி. ஏறுவதற்கல்ல, சாலையிலிருந்து உள்ளே இறங்குவதற்கு. "ரோடு ஒவ்வொரு தபா போடும்போதும் அரை அடி ஏறும் சார். வீடு எப்படி ஏறும்? கட்டறப்போ இவங்க வீட்டு வாசப்படி என் இடுப்பு உயரம்" என்றார். எதிர்வரிசையில் புதிதாக எழுந்த வீடுகள் எல்லாம் தூண்மேல் நின்றன. கீழே வண்டி நிறுத்தம். வசதிக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். மதில் ஒன்றில் இடுப்பளவில் ஒரே மட்டமாக ஓடிய பழுப்புக் கோட்டை அவர் காட்டிய பிறகு தூண்களுக்கு அர்த்தம் புரிந்தது. சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கோடு ஒரு மழைக்குள் மேலே வந்துவிடுமாம்.

பழைய கிராமத்தின் நத்தம், அதாவது ஊர் முதலில் குடியிருந்த இடம், பெரும்பாலும் மேட்டில் இருக்கும். கோயிலும் அங்கேதான். அந்தத் தெருவில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் தாழ்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பல ஊர்களில் சேரி அந்தத் தாழ்ந்த பக்கம் இருப்பதும் கண்ணில் படும். மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று அன்றே பங்கு பிரித்துவிட்டார்கள்.

பெரும்பாக்கத்தை இங்கே சொல்லாமல் நகர முடியாது. அடையாற்றின், கூவத்தின் கரைகளில் குடியிருந்த குடும்பங்களை வெள்ள ஆபத்தைக் காரணம் சொல்லி 2015-க்குப் பிறகு வேகமாகப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் சதுப்பின் விளிம்பு. மழைக்கு அங்கும் தண்ணீர் நிற்கிறது. வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் நகருக்குள் இருக்க, வீடு மட்டும் தொலைவில். ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கட்டுரை எழுதுவதே ஒரு வசதி என்று அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் தோன்றும். வாடகைக்கு வீடு கேட்டுப் போய், 'வெஜிடேரியன் மட்டும்' என்ற அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பிய நண்பர்களுக்கும் ஊர் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த அட்டை எந்த உணவைப் பற்றியது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி தூரம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1928-இல், டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தாம்பரத்தை ஒட்டி அமைத்தார். நல்ல காற்றுக்காக நகரைவிட்டுத் தள்ளிப் போன இடம் அது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி பாரிமுனை நெரிசலிலிருந்து 1937-இல் தாம்பரம் வந்தது. ரயில் இல்லையென்றால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். குரோம்பேட்டை குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையின் பெயரைச் சுமக்கிறது. ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையால் வளர்ந்தது. தானாக வளர்ந்த இந்த ஊர்களுக்கு எதிர்முனையில் மறைமலை நகர். 1980 வாக்கில் அரசே கோடு கிழித்து உருவாக்கிய துணைநகரம். அகலத் தெருக்கள், ஒழுங்கான மனைகள், எல்லாம் உண்டு. மக்கள்தான் நெடுநாள் வரத் தயங்கினார்கள். 1990களின் இறுதியில் வந்து ஊருக்குக் களை தந்த ஃபோர்டு கார் ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரே ஆலையை நம்பி ஊர் தேர்வது, ஒரே கிணற்றை நம்பி நடுவது மாதிரி.

மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குத் தருகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். நடந்த காலத்தில் நகரம் ஐந்து கிலோமீட்டர் அகலம். வாகனம் வேகமெடுக்க, நகரம் விரிந்தது, நேரம் மாறவில்லை என்பது அவர் வாதம். சென்னைப் புறநகர்வாசி கேட்டால் சிரிப்பார். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ரயிலில் மட்டுமே ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. பிறகு ஏன் போகிறோம்? ஜெர்மனியக் குடும்பங்களின் நீண்டகாலக் கணக்கெடுப்பை வைத்து ஆராய்ந்த சுவிஸ் பொருளியலாளர்கள் புரூனோ ஃபிரை, அலோயிஸ் ஸ்டுட்சர் இருவரும் இதற்குப் பதில் தேடினார்கள். நீண்ட பயணத்தை ஏற்பவர் அதற்கு ஈடாகப் பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ பெற்றிருப்பார், ஆகவே மனநிறைவு குறையக் கூடாது என்பது ஏட்டுக் கணக்கு. தரவு அப்படிச் சொல்லவில்லை. பயணம் நீள நீள நிறைவு குறைந்தது. பெரிய வீடு சில மாதத்தில் பழகிவிடுகிறது, நெரிசல் பழகுவதே இல்லை என்பது என் அனுபவம்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். ரயிலில் இருக்கும் நேரம் அத்தனை கொடியதன்று. உட்கார இடம் கிடைத்தால் அரைத் தூக்கம், கிடைக்காவிட்டால் அரட்டை. உயிரை வாங்குவது ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள துண்டு. கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை 30 கிலோமீட்டருக்குச் சாதாரண டிக்கெட் 10 ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவில் அதைவிடக் கூடக் கேட்கிறார்கள். 'ஐந்து நிமிடம்' என்று விளம்பரம் சொல்வது எந்த ஸ்டேஷனை என்று பார்க்க வேண்டும்; தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் செங்கல்பட்டுப் பக்கம் போகும் வண்டிகள் வெகுவாகக் குறைந்துவிடும். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு, நடுவில் இருப்பது மேம்பாலமா, கேட்டா, மழைக்கு நிரம்பும் சுரங்கப்பாதையா? சாயங்காலம் ஏழரை மணிக்குத் தனியாக இறங்கும் மகள் எந்த வெளிச்சத்தில் நடந்து வருவாள்?

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்களில் கணக்கு கோணலாகிறது. ஊரைத் தேர்வது சம்பாதிப்பவரின் அலுவலகத்தை வைத்து. அவர் அங்கே இருப்பது இரவும் ஞாயிறும். பகல் முழுக்க அந்த ஊரில் வாழ்வது மற்றவர்கள். என் அத்தைக்கு வேண்டியது நடக்கும் தூரத்தில் ஒரு கோயிலும் மருந்துக்கடையும். என் மனைவி கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை. நான் கேட்டதோ சதுர அடி விலை.

மனைவியின் கேள்வி அர்த்தமுள்ளது. கார்த்திகையில் முழுகும் அதே ஊர் வைகாசியில் வறண்டு கிடக்கும் என்பதுதான் இந்தப் பகுதியின் விசித்திரம். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டராகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் ஐ.டி. நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. குழாயைத் திறந்து பார்ப்பதைவிடக் குழாய் மூக்கைப் பார்ப்பது மேல். வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தால் போரில் வருவது உப்புத் தண்ணீர்; சோறும் துணியும் ஹீட்டரும் அதன் பலனைச் சொல்லும். எத்தனை அடியில் போர், எந்த ஆண்டு போட்டது, பிறகு எத்தனை முறை இறக்கினார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். விற்பவர் ஒரு எண் சொல்வார், பக்கத்து வீட்டம்மா இன்னொன்று சொல்வார்.

ஊர் கிராம ஊராட்சியா, நகராட்சியா, மாநகராட்சியா என்பதற்கு விளம்பரங்களில் நல்ல மதிப்பு. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது சுற்றுவட்டாரத்தில் விலை பேச்சு மாறியது. பெயர்ப்பலகை ஒரு நாளில் மாறும். பாதாளச் சாக்கடைக்கு அவசரமில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளை விழுங்கி 426 சதுர கிலோமீட்டர் ஆனது. பத்தாண்டு கடந்தும் சோழிங்கநல்லூர்ப் பக்கம் பல குடியிருப்புகளில் கழிவுநீர் லாரிகள்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் 1990களில் ஐந்து நகரங்களின் ஏழைக் குடும்பங்கள் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர வாடகை உதவி தந்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் நேத்தன் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோரும் பின்னர் அந்தப் பிள்ளைகளின் வருமானத்தைத் தேடிப் பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அந்த வயதைத் தாண்டி மாறியவர்களுக்கு நன்மை இல்லை, சற்றுப் பாதகம்கூட. அமெரிக்கக் குடியிருப்பின் வறுமையும் நம் புறநகரும் ஒன்றல்ல, எண்ணை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளையை நடுவில் பிடுங்கி நட்டால் வாடும் என்பது நம் வீடுகளுக்கும் தெரிந்ததுதான். நல்ல பள்ளி இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோர், மகனுக்கு இப்போது என்ன வயது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஆய்வில் வராதது. விழுப்புரம், திருச்சிப் பக்கத்துக்காரர்கள் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும், அரக்கோணம், வேலூர்க்காரர்கள் ஆவடி, திருநின்றவூர்ப் பக்கமும் குடியேறுவதைப் பார்த்திருக்கிறேன். சொந்த ஊருக்குப் பஸ் பிடிக்க வசதி என்று காரணம் சொல்வார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வண்டலூரும் ஊரப்பாக்கமும் அந்தக் காரணத்தாலேயே இன்னும் நெருங்கிவிட்டன. ஊர் தேர்வில் பாதி கால் எப்போதும் பிறந்த ஊரில் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் அதே தெருவில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று சொன்னால் வீண்செலவு என்பார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிரயம் முடிந்த மறுநாள் மனம் மாறினாலும் அந்த ஒன்பது திரும்பி வராது. பல இடங்களில் அது இரண்டு மூன்று வருட வாடகை. நாங்கள் சேலையூர்ப் பக்கம் வாடகைக்குப் போனோம், இரண்டாவது மாடி.

அந்தக் கார்த்திகையில், இரண்டு நாள் மழை விட்ட ஒரு காலை, ஸ்கூட்டரில் பழைய மனைப்பிரிவுக்குப் போய்ப் பார்த்தேன். அத்தையும் பின்னால் உட்கார்ந்து வந்தார். தார்ச்சாலை பாதியில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மஞ்சள் கற்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன மீன் என்று அத்தை கேட்டார். ஜிலேபிக் கெண்டை என்றார் அவர். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தோம்.

தை கழிந்து மாசியில் அந்தப் பையன் போன் செய்தான். இன்னும் மூன்று மனைதான் பாக்கியாம்.